ஊரிலிருந்து வந்த கடிதம்: கடல் தாண்டிப் போன ஆங்கிலேயக் குடும்பங்களின் பழைய கடிதங்களைப் படிப்பது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமங்களை விட்டு கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை அந்தக் காலத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. போனவர்கள் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. மரக்குடிசை, அப்புறம் வேறொரு நிலம், அப்புறம் வேறொரு மாகாணம் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். கடிதங்கள் வழியில் தொலைந்தன. தப்பியவை கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் பெட்டிகளிலிருந்து இப்போது ஆவணக் காப்பகங்களுக்கு வருகின்றன. ஸ்கேன் செய்த படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து தரப் பல காப்பகங்களில் தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள். அந்த வேலையில் இறங்க நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த பிள்ளைகளுக்கு, எழுதத் தெரியாத தாய்மார் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். இப்போது மகள் வீட்டோடு கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் இருக்கிறேன். இந்த வட்டாரம் இந்த வேலைக்குப் பொருத்தமான இடம். சங்கம் வைத்ததற்காக 1834-இல் நாடு கடத்தப்பட்ட டார்செட் பண்ணைக் கூலிகள் ஆறு பேரில் ஐந்து பேர், விடுதலையான பிறகு குடியேறியது இந்தப் பக்கம்தான். 1832 முதல் 1837 வரை சஸ்ஸெக்ஸின் பெட்வொர்த் ஊரை மையமாக வைத்து ஒரு பாதிரியார் முயற்சியிலும் ஒரு பிரபுவின் பணத்திலும் சுமார் 1,800 பேர் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள அடிலெய்ட் வட்டத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். வீட்டிலிருந்து போகும் கடிதம் சும்மா செய்தி சொல்லப் போவதில்லை. காசு அனுப்புவாயா, தம்பியை அழைத்துக்கொள்வாயா, நாங்கள் இருக்கும்போதே ஒரு தடவை வருவாயா என்ற மூன்று கேள்விகளில் ஒன்று உள்ளே இருக்கும். பெரும்பாலும் நேரடியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கூலி, மாவு விலை, பன்றி, காய்ச்சல் என்று வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்தக் கேள்விகளோடு சேர்த்துப் படித்தால்தான் கடிதம் பிடிபடும்.

உள்ளே போகும் முன் வெளியே

எழுத்தைப் படிக்க அவசரப்படாதீர்கள். தாளின் வெளிப்பக்கத்தை முதலில் பாருங்கள். 1840-க்கு முன் உறை கிடையாது என்றே சொல்லலாம். இங்கிலாந்துக்குள் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு, உறையும் ஒரு தாள் கணக்கு. அதனால் ஒரே பெரிய தாளில் எழுதி, மடித்து, அரக்கோ மாவு வில்லையோ வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்திலேயே முகவரி எழுதுவார்கள். கட்டணத்தைத் தபால்காரர் கையால் எழுதியிருப்பார். கறுப்பு மையில் இருந்தால் பெறுபவரிடம் வசூலிக்க வேண்டியது, சிவப்பு மையில் இருந்தால் ஏற்கெனவே கட்டியது. 1840 ஜனவரி 10-ஆம் தேதி நாடு முழுவதும் ஒரே பென்னி கட்டணம் வந்தது, மே மாதம் தபால்தலை வந்தது. அது உள்நாட்டுக்கு. அமெரிக்காவுக்கு 1849 முதல் அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம், ஒரு ஷில்லிங். வாரம் ஒன்பது ஷில்லிங் வாங்கும் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. 1870-இல்தான் அது மூன்று பென்ஸாகக் குறைந்தது. பேரரசின் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பென்னி என்று ஆனது 1898 கிறிஸ்துமஸ் அன்று.

கடிதம் ஏன் வருஷத்துக்கு ஒன்றுதான் வந்தது, ஏன் ஒரே தாளில் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள், ஏன் ஓரத்தில்கூட இடம் விடவில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து தெரியும். அஞ்சல் முத்திரையே இல்லாத கடிதங்களும் உண்டு. அதே ஊரிலிருந்து அடுத்துப் புறப்பட்டவர் கையில் கொடுத்து அனுப்பியவை அவை. அப்படியானால் யார் கொண்டுவந்தார் என்று உள்ளே தேடுங்கள், பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். முகவரியை அடித்து வேறு ஊர் எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றவர் எப்போது இடம் மாறினார் என்பதற்கு அதுவே சாட்சி.

அரக்கின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு அரக்கு அல்லது கறுப்பு ஓரமிட்ட தாள் என்றால் உள்ளே சாவுச் செய்தி. பிரிக்கும்போதே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்தது. முத்திரையைக் கிழித்துப் பிரித்ததில் தாளில் ஓட்டை விழுந்து, அந்த இடத்தில் இரண்டு மூன்று வரிகளில் சொற்கள் போயிருக்கும். அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் "கிழிந்துள்ளது" என்று போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

கையெழுத்து

தட்டச்சு தொடங்கும் முன் படத்தைப் பெரிதாக்கி, அதே ஆள் தெளிவாக எழுதிய சொற்களைப் பொறுக்குங்கள். மாதப் பெயர், ஊர்ப் பெயர், கடைசியில் வரும் கையொப்பம் ஆகியவை போதும். அவற்றிலிருந்து அந்தக் கைக்கு ஓர் எழுத்துப் பட்டியல் போட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்து நீளமாக 'எஃப்' போலத் தெரியும். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வயதானவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

சில தாள்களில் முழுப் பக்கமும் எழுதி முடித்து, தாளைத் திருப்பி அதே பக்கத்தில் குறுக்காக மறுபடி எழுதியிருப்பார்கள். பார்த்தால் கம்பி வலை. பயப்பட வேண்டாம். படத்தை 90 டிகிரி சுழற்றி, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி மேலும் கீழும் மறைத்துக்கொண்டு படித்தால் கண் பழகிவிடும். எது முதலில் எழுதியது என்று மையின் அடர்த்தியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், தேதி எந்தத் திசையில் இருக்கிறதோ அது முதல்.

சொற்கள் எழுத்துக்கூட்டிப் பார்த்தால் பிடிபடாது. வாய்விட்டுப் படியுங்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'எச்' வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் இருக்கும். நாம் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்றவர்கள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் திணறுவோம். சஃபோக், வில்ட்ஷயர், டெவன் பேச்சுகளின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. கடிதம் எந்த மாவட்டமோ அந்தப் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உட்காருங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நிறுத்தற்குறி இருக்காது, பெரிய எழுத்து எங்கே வேண்டுமானாலும் வரும். முதல் படியில் இருப்பதை இருந்தபடியே எழுதுங்கள், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். இரண்டாவது படி ஒன்று தனியாக வைத்து அதில் வாக்கியம் பிரித்துக்கொள்ளலாம்.

எழுதியவர் யார் என்பது பெரிய கேள்வி. 1841-இல் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேடுகளில் ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவரும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரும் கையெழுத்துப் போடாமல் குறி மட்டும் போட்டிருக்கிறார்கள். அதனால் அம்மா பெயரில் வரும் கடிதத்தை ஞாயிறு பள்ளிக்குப் போகும் பேத்தியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பாதிரியாரோ எழுதியிருக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்தவர் கையால் எழுதும்போது சொல்பவர் கூசுவார். எங்கள் அஞ்சலகத்தில் ஒரு பெண் மருமகளோடு நடந்த சண்டையைக் கண்ணீரோடு என்னிடம் சொல்லிவிட்டு, "எல்லாரும் நல்லாருக்கோம்னு மட்டும் எழுதுங்கம்மா" என்பார். பாதிரியார் எழுதிய கடிதத்தில் பக்தி அதிகமாகவும் பண்ணையாரைப் பற்றிய குறை குறைவாகவும் இருந்தால் வியப்பில்லை. ஊர் ஏழைகளுக்கான நிவாரணம் யாருக்கு என்பதில் பாதிரியாருக்கும் பண்ணையாருக்கும் செல்வாக்கு இருந்தது. கடைசியில் வேறு கையெழுத்தில், மோசமான எழுத்துப்பிழைகளோடு நாலு வரி சேர்ந்திருந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன். வீட்டில் ஒருவர் கையில் பேனா கிடைத்திருக்கிறது.

வழக்கமான வரி எது, செய்தி எது

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி தொடங்கும். இந்தச் சில வரிகளை எழுத வாய்ப்புக் கிடைத்தது, கடவுள் அருளால் நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று எழுதி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. முடிவிலும் ஒரு வழக்கம் உண்டு: இந்த உலகத்தில் இனிப் பார்க்க முடியாவிட்டால் மேலே சந்திப்போம் என்று எழுதுவார்கள். இதைப் படித்து எழுதியவர் சாகக் கிடக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல உடம்போடு இருக்கிற நாற்பது வயதுக்காரரும் அப்படித்தான் எழுதினார்.

வழக்கத்திலிருந்து விலகும் இடம்தான் செய்தி. "நலம்" என்பதற்குப் பதில் "சுமாராக இருக்கிறோம்" என்றால் நின்று பாருங்கள். எல்லார் பெயரும் வந்து ஒரு பெயர் வராவிட்டால் அதைத் தனியாகக் குறியுங்கள்.

தொடக்கத்திலேயே "உங்கள் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது" என்கிற மாதிரி ஒரு வரி வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். எந்தத் தேதியிட்ட கடிதம், எப்போது கைக்கு வந்தது, அதில் என்ன கேட்டிருந்தார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். தொலைந்துபோன மறுபாதிக் கடிதங்களை இப்படித்தான் மீட்க முடியும். பாய்மரக் கப்பலில் கனடாவுக்கு ஐந்து முதல் எட்டு வாரம். 1840-இல் லிவர்பூலிலிருந்து நீராவிக் கப்பல் தபால் தொடங்கிய பிறகு ஹாலிஃபாக்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரத்தில் மூன்று நான்கு மாதம். அங்கே போய் பதில் வருவதற்குள் வருஷம் திரும்பிவிடும். இறந்துபோன அப்பாவை விசாரித்து மகன் எழுதிய கடிதம் அவரை அடக்கம் செய்த பிறகு வந்து சேரும். அப்படி வந்ததையும் அடுத்த கடிதத்தில் எழுதியிருப்பார்கள். தேதிகளை வரிசைப்படுத்தாமல் படித்தால் இதெல்லாம் தெரியாது.

தேதியே போடாத கடிதங்களுக்கு அவர்கள் நாட்காட்டி உதவும். மார்ச் 25 லேடி டே, ஜூன் 24 மிட்சம்மர், செப்டம்பர் 29 மைக்கேல்மஸ், நவம்பர் 11 மார்ட்டின்மஸ். வாடகையும் பண்ணை வேலை ஒப்பந்தங்களும் இந்த நாட்களில்தான் முடிந்து தொடங்கும். வைக்கோல் வெட்டு, அறுவடை, கதிர் பொறுக்கல், உருளைக்கிழங்கு தோண்டல் என்று வேலைகளை வைத்தும் காலம் சொல்வார்கள்.

காசுக் கணக்கு

பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்ட். பென்ஸை 'டி' (d) என்ற எழுத்தால் குறிப்பார்கள். இது பழகினால்தான் கஷ்டத்தை அளக்க முடியும்.

கடிதத்தில் கூலியும் ரொட்டி விலையும் இரண்டும் வந்தால் உடனே வகுத்துப் பாருங்கள். சஃபோக்கின் லாவன்ஹாம் ஊரில் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் ஒரு வாரக் கணக்கு 1843-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் இருக்கிறது. நான் அதை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன், மற்றக் கடிதங்களுக்கு அதுதான் என் அளவுகோல். அப்பாவுக்கு 9 ஷில்லிங், அம்மாவுக்கு 9 பென்ஸ், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 2 ஷில்லிங், பதினொரு வயதுக்கும் எட்டு வயதுக்கும் ஆளுக்கு ஒரு ஷில்லிங். எல்லாம் சேர்த்து 13 ஷில்லிங் 9 பென்ஸ். அதில் ரொட்டிக்கு மட்டும் 9 ஷில்லிங். உருளைக்கிழங்குக்கு ஒரு ஷில்லிங், வாடகைக்கு ஒரு ஷில்லிங் 2 பென்ஸ், விறகு கரிக்கு 9 பென்ஸ். தேயிலை 2 பென்ஸ், சர்க்கரை மூன்றரை, சோப்பு 3, மெழுகுவர்த்தி 3, நூல் 2, வெண்ணெய் நாலரை, பாலாடைக்கட்டி 3, உப்பும் நீலமும் அரை அரை. கூட்டிப் பாருங்கள், மொத்தம் சரியாக 13 ஷில்லிங் 9 பென்ஸ். இறைச்சி இல்லை, பால் இல்லை, செருப்பு இல்லை, மருந்து இல்லை. எட்டு வயதுப் பையனின் ஒரு ஷில்லிங் போனால்கூட அந்த வீடு நிற்காது. செருப்பும் துணியும் அறுவடை மாதத்தில் கிடைக்கும் கூடுதல் கூலியில்தான் வாங்க வேண்டும். அதனால்தான் அறுவடையில் மழை என்று ஒரு கடிதத்தில் வந்தால், குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லை என்றும் சேர்த்துப் படிக்கிறேன்.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. 1850-51-இல் நாடு முழுக்கச் சுற்றி விவசாயத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் கேர்ட், வடக்கு மாவட்டங்களில் சராசரி வாரக் கூலி 11 ஷில்லிங் 6 பென்ஸ் என்றும் தெற்கில் 8 ஷில்லிங் 5 பென்ஸ் என்றும் கணக்கிட்டார். வடக்கில் ஆலைகளும் சுரங்கங்களும் ஆட்களை இழுத்ததால் பண்ணையார்கள் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. தெற்கு வில்ட்ஷயரில் 6 ஷில்லிங் வரை இறங்கியிருந்தது. ஒரே தொகை லங்காஷயர் கடிதத்திலும் டார்செட் கடிதத்திலும் வந்தால் ஒரே பொருள் அல்ல.

இன்னொரு நுணுக்கம். மாவு மலிவு என்றால் நல்ல காலம் என்று நினைக்கத் தோன்றும். 1847-இல் ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத் தானிய அளவு) கோதுமை சராசரி 70 ஷில்லிங்குக்குக் கிட்டத்தட்ட விற்றது, 1851-இல் 39-க்கும் கீழே போனது. விலை விழுந்தபோது பண்ணையார்கள் கூலியையும் குறைத்தார்கள், ஆளையும் நிறுத்தினார்கள். அந்த வருஷக் கடிதங்களில் "எல்லாம் மலிவு, ஆனால் கையில் காசில்லை" என்கிற தொனி கேட்டால் காரணம் இதுதான்.

ஊர் நிவாரணம், ஏழை இல்லம், சங்கம்

1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்கு முன் எழுதிய கடிதமா, பின் எழுதியதா என்று பாருங்கள். முன் என்றால் 'பாரிஷ்', அதாவது ஊர்த் திருச்சபை வட்டாரம், வீட்டுக்கே காசோ ரொட்டியோ கொடுத்திருக்கும். பின் என்றால் பல பாரிஷ்கள் சேர்ந்த ஒரு 'யூனியன்', அதற்கென்று ஒரு பெரிய ஏழை இல்லம். கடிதத்தில் 'யூனியன்' என்றோ 'ஹவுஸ்' என்றோ மட்டும் இருக்கும். 1870-களின் கடிதங்களில் மட்டும் கவனம்: 1872-இல் ஜோசஃப் ஆர்ச் வார்விக்ஷயரில் பண்ணைக் கூலிகளுக்குச் சங்கம் தொடங்கிய பிறகு 'யூனியன்' என்பது அதையும் குறிக்கும். அந்தச் சங்கமே ஆட்களை நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் அனுப்ப உதவியது. 1874-இல் கிழக்கு மாவட்டங்களில் சங்கத்துக்காரர்களைப் பண்ணையார்கள் வேலைக்குச் சேர்க்காமல் கதவடைப்பு செய்தபோது எழுதிய கடிதம் என்றால் பெரும்பாலும் சங்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஏழை இல்லத்துக்குள் போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். 1844 டிசம்பர் ஆணைக்குப் பிறகு பெரும்பாலான கிராம யூனியன்களில் உடம்பு நன்றாக உள்ள ஆணுக்கு வெளியே நிவாரணம் கிடையாது. வேண்டுமானால் குடும்பத்தோடு உள்ளே வா என்பதுதான் பதில். நோய், விபத்து என்றால் விலக்கு உண்டு. எனவே "வேலை இல்லை" என்ற வரிக்கும் "காய்ச்சலில் படுத்திருக்கிறான்" என்ற வரிக்கும் சட்டத்தின் முன் பெரிய வித்தியாசம். வயதான பெற்றோரை யூனியன் தாங்கினால் அந்தச் செலவை மகனிடம் கேட்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. உள்ளூரில் இருக்கும் அண்ணன் அந்தப் பங்கைக் கட்டிக்கொண்டிருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் தப்பித்துக்கொண்டார் என்ற மனக்கசப்பு அண்ணன் எழுதும் பகுதியில் எட்டிப் பார்க்கும்.

'கிளப்' என்று வந்தால் அது மாதம் சில பென்ஸ் கட்டும் நட்புறவுச் சங்கம். நோயில் படுத்தால் வாரம் சில ஷில்லிங், செத்தால் அடக்கச் செலவு. பாரிஷ் செலவில் புதைக்கப்படுவதை அவர்கள் எவ்வளவு பெரிய அவமானமாக நினைத்தார்கள் என்பது, அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பெட்டி என்ன மரம் என்று அவர்கள் விரிவாக எழுதுவதில் தெரியும். அதைச் சுருக்கிவிடாதீர்கள். மகன் வரவில்லை, வர முடியாது. குறையில்லாமல் அனுப்பிவைத்தோம் என்று அவனுக்குக் கணக்கு ஒப்பிக்கிறார்கள்.

ஒரு பயிற்சி

புதிதாக வருபவர்களுக்குக் காட்ட, பல கடிதங்களின் சாயலில் நானே ஒரு மாதிரிப் பத்தி எழுதி வைத்திருக்கிறேன். வில்ட்ஷயர், 1850 பிப்ரவரி, தாய் கனடாவில் உள்ள மகனுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"நாங்கள் சுமாராக இருக்கிறோம் உன் அப்பாவுக்கு மைக்கேல்மஸ் முதல் கால் சரியில்லை கூலி 7 ஷில்லிங்தான் மாவு மலிவு பன்றியைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுவிட்டோம் சாரா நல்ல வீட்டில் வேலைக்கு இருக்கிறாள் ஜேம்ஸ் ஹவுஸுக்குப் போகமாட்டேன் என்கிறான் உங்கள் ஊரில் செருப்புத் தைப்பவனுக்கு என்ன கூலி என்று எழுது சின்ன ஆன் அறுவடைக்கு முன் போய்விட்டாள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் அவள் முடியில் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கிறேன்"

அப்பாவின் கால் ஐந்து மாதமாகச் சரியில்லை. கிளப் காசு பற்றிப் பேச்சில்லை, ஆகவே கிளப்பில் இல்லை அல்லது பாக்கி வைத்துப் பெயர் போய்விட்டது. பன்றியை வெட்டாமல் விற்றிருக்கிறார்கள். குடிசைவாசிக்குப் பன்றிதான் குளிர்கால இறைச்சி. அதை உயிரோடு விற்றால் வாடகையோ கடனோ கழுத்தை நெரித்திருக்கிறது. சாரா வேலைக்குப் போனது நல்ல செய்தி, வீட்டில் ஒரு வாய் குறைந்தது. ஜேம்ஸுக்கு வேலை இல்லை என்று எழுதவே இல்லை. ஆனால் ஹவுஸ் பேச்சு வந்திருக்கிறது என்றால் நிவாரணம் கேட்டுப் பார்த்து மறுத்திருக்கிறார்கள். உடனே அடுத்த வரியில் செருப்புத் தைப்பவன் கூலியை விசாரிக்கிறார். ஜேம்ஸ் செருப்புத் தைப்பவன், கப்பல் கட்டணம் அனுப்பு என்பதுதான் கேள்வி. இந்த வரியைக் காணாமல் பலர் கடந்துபோவார்கள், கடிதம் எழுதியதே இதற்காகத்தான்.

ஆன் செய்தி கடைசியில் வருகிறது. முதலில் சொல்ல மனம் வராது, எழுதுபவரின் கை நடுங்கும். எங்கள் ஊர்ப் பெண்களும் அப்படித்தான் எழுத வைத்தார்கள், எல்லாம் முடிந்து தாளை மடிக்கப் போகும்போது. முடிக்கற்றை உள்ளே இன்னும் இருந்தால் தொடாமல் காப்பக ஊழியரிடம் சொல்லுங்கள்.

சரிபார்த்தல்

பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. 'பிரதர்' என்று மனைவியின் அண்ணனையும் எழுதுவார்கள். 'மதர் இன் லா' என்றால் மாமியாராகவும் இருக்கலாம், சிற்றன்னையாகவும் இருக்கலாம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது வழக்கம், அதனால் 1838-இல் இறந்த வில்லியம் 1841-இல் ஓடியாடினால் குழம்ப வேண்டாம். பாட்டி வீட்டில் ஒரு குழந்தை திடீரென்று தோன்றி, ஒரு மகளுக்கு 'துர்ப்பாக்கியம்' நேர்ந்ததாக வேறு கடிதத்தில் இருந்தால், திருமணமாகாமல் பிறந்த பிள்ளை. 1834 சட்டம் அந்தப் பாரத்தைப் பெரும்பாலும் தாயின் தலையில் போட்டது. குறிப்பில் எழுதும்போது மரியாதையோடு எழுதுங்கள், அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் படிப்பார்கள்.

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1 முதல் அரசிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் பாரிஷ் பதிவேடுகள். 1813 முதல் அடக்கப் பதிவேட்டில் வயதும் ஊரும் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை. 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள், ஆகவே 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். என் மாதிரிக் கடிதம் உண்மையாக இருந்தால், 1851 பட்டியலில் சாராவை வேறொரு வீட்டில் வேலைக்காரப் பெண்ணாகத் தேடுவேன், ஜேம்ஸ் ஊரில் இருக்கிறானா என்று பார்ப்பேன், 1849 கோடை அடக்கப் பதிவேட்டில் ஆனைத் தேடுவேன்.

யூனியன்களை நிர்வகித்த காப்பாளர் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் மாவட்டக் காப்பகங்களில் கிடைக்கும். வில்ட்ஷயருக்குச் சிப்பன்ஹாமிலும் மேற்கு சஸ்ஸெக்ஸுக்குச் சிச்செஸ்டரிலும் காப்பகம் இருக்கிறது. யார் எந்த வாரம் நிவாரணம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று அங்கே இருக்க வாய்ப்புண்டு. அந்த ஊர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து எழுதி அச்சான கடிதங்கள் கிடைத்தால் ஒப்பிடலாம், ஆனால் அவற்றைக் குடியேற்றத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்து அச்சிட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஊரிலிருந்து போன கடிதங்களை யாரும் அச்சுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மூன்று கோப்புகளைத் தனித்தனியாகக் காப்பகத்துக்கு அனுப்புங்கள்: எழுத்து மாறாத படி, வாக்கியம் பிரித்த படி, ஆட்கள், தேதிகள், தொகைகள் கொண்ட குறிப்பு. குறிப்பில் கடிதம் சொன்னது எது, பதிவேட்டில் கிடைத்தது எது, உங்கள் ஊகம் எது என்று பிரித்துப் போடுங்கள். அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தைக் கடிதத்தின் சொல் என்று எடுத்துக்கொண்டால், அந்தத் தாய் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.